நடுக்குவாதப் பராமரிப்பின் நியமங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரிசையையே வரலாறு எனக் கொள்வர். இன்ன ஆண்டில் இன்னார் இன்ன கிருமியைக் கண்டார், இன்ன ஆண்டில் இன்ன மருந்து வெளிவந்தது என்ற அட்டவணை அவர்களுக்குப் போதுமானதாகிவிடுகின்றது. கொள்ளைநோய்களைப் பொறுத்தவரை இம்முறை ஓரளவு பொருந்தலாம். ஆனால், உயிரை உடனே கொள்ளாது ஆண்டுக்கணக்கில் உடலைச் சிறிது சிறிதாகக் கட்டிப்போடும் நோய்களின் வரலாற்றுக்கு அது பொருந்துவதன்று. அத்தகைய நோய்களில் மருந்து கிடைத்த நாளும் நோயாளர் நலம்பெறத் தொடங்கிய நாளும் ஒன்றாயிருப்பதில்லை. நடுக்குவாதம் என்றும் பார்க்கின்சன் நோய் என்றும் வழங்கப்பெறும் நோயின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. இன்று அந்நோய்க்கு முதன்மை மருந்தாக விளங்கும் லெவோடோபா 1913 ஆம் ஆண்டிலேயே தாவரத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது. அது பயன்தரும் சிகிச்சையாக நிலைபெறத் தொடங்கியதோ 1967 இலேயாகும். இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதி மூளையின் இரசாயனம் அறியப்படாமையாற் கழிந்தது. அவ்வறிவு கிட்டிய பின்னரும் ஏறத்தாழ ஏழாண்டுகள் கழிந்தன. அதற்குக் காரணம் வேறு: மருந்து கைவசம் இருந்தது, அதனைக் கொடுக்கும் முறை தெரியாதிருந்தது.

நோயின் இயல்பை முதலிற் சுருக்கமாகக் கூறுதல் தகும். ஓய்வாயிருக்கும் கையில் நடுக்கம் தோன்றும், தசைகள் இறுகும், எச்செயலைத் தொடங்குவதிலும் தாமதம் ஏற்படும், நாளடைவில் உடற்சமநிலை குலையும். முகம் உணர்ச்சி காட்டாது உறையும், குரல் தாழும், கையெழுத்துச் சிறுத்துக்கொண்டே போகும். மலச்சிக்கல், உறக்கக் குலைவு, மனச்சோர்வு என்பனவும் உடன்வருதல் உண்டு. நடுமூளையில் டோபமின் என்னும் பொருளை உண்டாக்கும் கருநிறக் கலங்கள் அழிந்துபோதலே அசைவுக் கோளாறுகளின் அடிப்படையாகும். இவ்வழிவைத் தடுத்து நிறுத்துமென ஐயமற நிறுவப்பட்ட மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. எனவே, இந்நோயைப் பொறுத்தவரை சிகிச்சை என்பதே பராமரிப்பின் ஒரு கூறாக அமைகின்றது. இவ்விரண்டையும் வெவ்வேறாகக் கொண்டு, சிகிச்சையை வைத்தியரிடமும் பராமரிப்பை வீட்டாரிடமும் ஒப்படைத்த மரபே பிற்காலத்தில் மாற்றப்படவேண்டியதாயிற்று.

1817 ஆம் ஆண்டில் இலண்டனில் 66 பக்கங்கொண்ட சிறுநூல் ஒன்று வெளிவந்தது. அதன் ஆசிரியரான ஜேம்ஸ் பார்க்கின்சன் (1755-1824) ஹொக்ஸ்டன் பகுதியில் தந்தையின் வழிநின்று மருத்துவத் தொழில் புரிந்தவர். பாராளுமன்றச் சீர்திருத்தம் வேண்டிப் புனைபெயரில் துண்டுப்பிரசுரங்கள் எழுதியமையும், மூன்றாம் ஜோர்ஜ் மன்னரைக் கொல்லச் சதிசெய்தனர் எனக் கூறப்பட்ட ஒரு வழக்குத் தொடர்பாக 1794 இல் கோமறைக் கழகத்தின் முன் விசாரிக்கப்பட்டமையும் அவருடைய வாழ்வின் மற்றொரு பக்கமாகும். உயிர்ச்சுவடுகள் பற்றி அவர் எழுதிய மூன்று தொகுதிகள் அக்காலத்தில் அவருக்குப் பெரும்பெயர் தந்தன. நடுக்குவாதம் பற்றிய சிறுநூலோ அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின்னரே உரிய கவனத்தைப் பெற்றது.

நூலுக்கு ஆதாரமாயமைந்த நோயாளர் அறுவர். அவருள் இருவரை அவர் வீதியிலே கண்டு விசாரித்தார். ஒருவரைத் தொலைவிலிருந்து நோக்கியதோடு அமைந்தார். நோயாளரின் உடலைத் தொட்டுப் பரிசோதிக்கும் வழக்கம் வேரூன்றாத காலம் அது. அதனாலேயே தசையிறுக்கம் என்னும் முக்கிய குணங்குறி அவருடைய விவரணத்தில் இடம்பெறவில்லை. ஆயினும், தனித்தனி நோய்களெனக் கருதப்பட்டுவந்த நடுக்கத்தையும், முன்குனிந்த நிலையையும், நடை ஓட்டமாக மாறும் போக்கையும் ஒரே நோயின் வெளிப்பாடுகளாக இணைத்துக் கண்டமை சிறிய சாதனையன்று. அவர் விதந்துரைத்த சிகிச்சை, கழுத்தின் மேற்பகுதியிற் குருதி வாங்கி, பின் அவ்விடத்திற் கொப்புளம் எழச்செய்து, புண்ணை ஆறவிடாது நீர் வடியச் செய்தலாகும். இதை இன்று படிப்போர் முகஞ்சுளித்தல் இயல்பு. ஆனால், நோயின் தன்மை நன்கறியப்படும்வரை உள்மருந்துகளைக் கொடுக்கப் போதிய நியாயமில்லை என்ற கருத்தையும் அதே நூலில் அவர் தெரிவித்துள்ளார். கண்டதையெல்லாம் மருந்தெனப் புகட்டிய ஒரு நூற்றாண்டில் இத்தன்னடக்கம் அரிதானது.

அந்நூலின் சிகிச்சைப் பகுதியைக் காட்டிலும் நுட்பமானது இடையிலே வரும் ஒரு சிறு குறிப்பாகும். தானாக நடக்கத் தொடங்க முடியாத ஒரு நோயாளருக்குப் பணியாள் ஒருவர் இருந்தார். அவர் நோயாளரின் எதிரே நின்று, இரு தோள்களிலும் கைகளை வைத்து, உடலை முன்னும் பின்னுமாக மெல்ல அசைப்பார். சமநிலை கிட்டியதும் நோயாளர் சொல்லால் உணர்த்துவார். பணியாள் விலகி முன்னே ஓட, நோயாளர் ஓட்டநடையிற் புறப்படுவார். ஏறத்தாழ இருபது அடி வைத்ததும் அவர் விழுந்துவிடாதவாறு பணியாள் தாங்கிக்கொள்வார். உறைந்து நிற்கும் நோயாளரை நடக்கச் செய்வதற்கு உடலின் பாரத்தை முதலில் அசைத்து மாற்றும் முறையை இக்கால இயன்மருத்துவரும் கற்பிக்கின்றனர். பெயர் பதிவாகாத அப்பணியாள் அதனைத் தம் அனுபவத்தாலே கண்டறிந்திருந்தார். நோயாளரோடு நாள்தோறும் உடனிருந்தோர் அறிந்த இத்தகைய நுட்பங்கள் மருத்துவ நூல்களில் நியமமாக ஏற்கப்படுவதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் சென்றன.

பார்க்கின்சனின் பெயரை நோய்க்கு நிலைபெறச் செய்தவர் பிரெஞ்சு மருத்துவப் பேராசிரியர் ஜோன் மார்ட்டின் சார்க்கோ ஆவார். 1862 இல் அவர் பொறுப்பேற்ற பரிஸ் நகரின் சல்பெத்ரியேர் நிலையம், இக்காலத்தவர் கருதும் பொருளில் வைத்தியசாலையன்று. வெடியுப்புக் களஞ்சியமாயிருந்து பின்னர் ஏழைப் பெண்களையும் முதியோரையும் அடைத்துவைக்கும் இடமாகிய அங்கே ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழ்ந்தனர். பெரும்பாலோர் அங்கேயே இறக்கும்வரை இருந்தனர். இக்கொடிய நிலையே ஆய்வுக்கு வாய்ப்பாயிற்று என்பதை மறைத்தல் பொருந்தாது. ஒரே நோயாளரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கவும், இறந்தபின் மூளையையும் முள்ளந்தண்டு நாணையும் ஆராயவும் சார்க்கோவுக்கு முடிந்தது. நடுக்கம் எல்லா நோயாளரிடத்தும் காணப்படுவதன்று என்பதையும், அசைவின் தாமதம் தசையிறுக்கத்தால் விளைவதன்றி வேறானதொரு குறி என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார். வாதம் என்ற சொல்லே இந்நோய்க்குப் பொருந்தாது என்று கூறிப் பார்க்கின்சனின் பெயரை இட்டவரும் அவரே. தமிழில் நடுக்குவாதம் என்ற வழக்கு, சார்க்கோ மறுத்த பழைய பெயரின் வழிப்பட்டதாயினும், சொல் நிலைத்துவிட்டமையால் அதனை விலக்கவேண்டியதில்லை.

சார்க்கோவின் சிகிச்சை இருவகைப்பட்டது. ஒன்று, பெல்லடோனா இனத் தாவரங்களிலிருந்து பெறப்பட்ட மருந்து. அவருடைய மாணவர் ஓர்டன்ஸ்டைன் 1867 இல் சமர்ப்பித்த ஆய்வேட்டில் இது விவரிக்கப்பட்டது. இதன் வழிவந்த மருந்துகளே அடுத்த நூறாண்டுகளுக்கு நடுக்குவாதச் சிகிச்சையின் நியமமாயிருந்தன. நடுக்கம் சிறிது குறையும். அதற்கு விலையாக வாய் உலரும், பார்வை மங்கும், முதியோரின் நினைவு தடுமாறும். மற்றையது அதிரும் நாற்காலி. புகையிரதத்திலும் குதிரைவண்டியிலும் நெடுந்தூரம் சென்ற பின்னர் தம் உடல் இலேசாயிருப்பதாக நோயாளர் சிலர் கூறியதை அவர் புறக்கணிக்கவில்லை. அவ்வதிர்வை வைத்தியசாலைக்குள்ளே தருவதற்கென ஒரு நாற்காலியைச் செய்வித்து, 1892 இல் அதுபற்றி விரிவுரை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டில் அவர் காலமானார். நாற்காலியின் பயன் பின்னர் உறுதிப்படவில்லையெனினும், நோயாளர் தம் உடலைப் பற்றிக் கூறியதிலிருந்து ஒரு சிகிச்சையை அமைக்க முனைந்த அணுகுமுறை குறிப்பிடத்தக்கது.

இங்கிலாந்தில் சேர் வில்லியம் கவர்ஸ் தமது நரம்பியற் கைந்நூலில் அமைதியான, ஒழுங்கான வாழ்வையும், கவலையும் களைப்பும் தவிர்க்கப்படுதலையும் வலியுறுத்தினார். இந்திய கஞ்சா, ஆசனிக்கு முதலியனவும் அவருடைய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றன. கவலையற்ற வாழ்வு என்ற அறிவுரை எத்தகைய குடும்பங்களுக்குக் கைகூடியிருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

முதலாம் உலகப்போர்க் காலத்தில் நிலைமை திடீரென மாறியது. 1917 இல் வியன்னாவின் கொன்ஸ்தாந்தின் வொன் எக்கொனொமோ விவரித்த உறக்க மூளையழற்சி, 1920களின் பிற்பகுதிவரை உலகெங்கும் பரவியது. அதிலிருந்து தப்பியோருட் பலர், இளைஞரும் சிறுவருமாகவே, சில ஆண்டுகளின் பின் நடுக்குவாதத்தை ஒத்த நிலைக்கு ஆளாயினர். அதுவரை முதியோர் நோயாகக் கருதப்பட்டது இப்பொழுது பல பத்தாண்டுகள் பராமரிக்கப்படவேண்டியோரை உருவாக்கிவிட்டது. பல்கேரியாவிலே இவான் ராயெவ் என்னும் நாட்டு வைத்தியர் பெல்லடோனா வேரை வெள்ளைத் திராட்சைமதுவிற் காய்ச்சிக் கொடுத்துவந்த முறை, இத்தாலிய அரசி எலேனாவின் ஆதரவால் 1930களில் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றது. அரசியின் பெயரால் ஜேர்மனியின் காசெல் நகரில் 1937 இல் நிறுவப்பட்ட நிலையம் பின்னர் நடுக்குவாதத்துக்கெனச் சிறப்பான வைத்தியசாலையாக வளர்ந்தது. மருந்து பழைய பெல்லடோனாவே. ஆயினும், நோயாளரை ஓரிடத்திற் சேர்த்து, உணவு, உடற்பயிற்சி, தொழில் என்பவற்றோடு நாட்பட மருந்தை ஒழுங்குசெய்தமையே அம்முறையின் வெற்றிக்குப் பெரிதும் காரணமாயிருத்தல் கூடும்.

இனி, லெவோடோபாவின் வரலாற்றை நோக்குமிடத்து அது மூன்று திசைகளிலிருந்து வந்து கூடியதைக் காணலாம். 1913 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் ரோஷ் நிறுவனத்தின் இரசாயனவியலாளர் மார்க்குஸ் குகன்ஹைம், ஐரோப்பியத் தோட்டங்களில் விளையும் ஒருவகை அவரையிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் இயல்பை அறியத் தாமே இரண்டரை கிராம் விழுங்கிக் கடுமையான வாந்திக்கு ஆளானார். குறிப்பிடத்தக்க பயனுடைய மருந்தாக அது அவருக்குத் தோன்றவில்லை. 1937 இல் சென்னைப் பல்கலைக்கழக உயிரிரசாயன ஆய்வுகூடத்தைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி ஆகிய இருவரும் பூனைக்காலி விதையிலிருந்து அதே பொருளைத் தனிப்படுத்தி இங்கிலாந்தின் உயிரிரசாயன ஏட்டில் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தது விதையின் இரசாயனத்தையே. நடுக்குவாதத்துக்கும் அப்பொருளுக்கும் உள்ள தொடர்பு அந்நாளில் உலகில் எவருக்கும் தெரியாது. ஆயுள்வேத நூல்களிற் கம்பவாதம் பேசப்படுவதும், பூனைக்காலி அம்மரபில் நெடுங்காலமாக வழங்கிவருவதும் உண்மையே. அதனைக் கொண்டு, முன்னோர் டோபமின் குறைபாட்டை அறிந்திருந்தனர் எனச் சிலர் முழங்குவது வரலாற்றாய்வுக்கு உதவாது. ஒரு மூலிகை பயன்தருவதை அனுபவத்தால் அறிதலும், அது ஏன் பயன்தருகிறது என அறிதலும் வெவ்வேறான அறிவுகளாகும். இரண்டுக்கும் தத்தம் மதிப்பு உண்டு.

இரண்டாவது திசையும் இந்திய மூலிகையொன்றிலிருந்தே தொடங்குகின்றது. சர்ப்பகந்தியின் வேர் மனநோய்க்கும் குருதியமுக்கத்துக்கும் பயன்படுவதைக் கல்கத்தாவில் கணநாத் சேன், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் 1931 இல் எழுதினர். 1949 இல் பம்பாயைச் சேர்ந்த ரஸ்டம் ஜால் வக்கீல் பிரித்தானிய இதயநோய் ஏட்டில் வெளியிட்ட கட்டுரை மேனாட்டார் கவனத்தை ஈர்த்தது. 1952 இல் சீபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து றிசர்பினைப் பிரித்தெடுத்தனர். அதனை உட்கொண்ட நோயாளர் சிலரிடம் நடுக்குவாதம் போன்ற நிலை தோன்றியது. சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் 1957 இல் றிசர்பின் கொடுத்து அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபாவை ஊசிமூலம் ஏற்றினார். சிறிது நேரத்தில் அவை எழுந்து நடமாடின. டோபமின் மூளையின் அசைவுப் பகுதிகளிலே செறிந்திருப்பதும் அடுத்த ஈராண்டுகளில் தெரியவந்தது. இப்பணிக்காகக் கார்ல்சன் 2000 ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மூன்றாவது திசை வியன்னா. நடுக்குவாதத்தால் இறந்தோர் மூளைகளை ஆராய்ந்த ஒலே ஹோர்னிக்கேவிச்சும் ஹேர்பேர்ட் ஏரிங்கரும், அவற்றில் டோபமின் பெரிதும் குறைந்திருப்பதை 1960 இல் அறிவித்தனர். ஹோர்னிக்கேவிச் தம்மிடமிருந்த லெவோடோபாவை லைன்ஸ் முதியோர் இல்லத்தின் நரம்பியல் வைத்தியர் வால்தர் பேர்க்மையரிடம் கொடுத்தார். 1961 ஜூலையில் முதல் ஊசிகள் ஏற்றப்பட்டன. படுத்த படுக்கையாயிருந்தோர் எழுந்து அமர்ந்தனர், அமர்ந்திருந்தோர் எழுந்து நின்றனர், நின்றோர் நடந்தனர். சில மணிநேரத்தில் எல்லோரும் பழைய நிலைக்குத் திரும்பினர். அதே காலத்தில் மொன்றியலில் அந்திரே பார்போ வாய்மூலமாகக் கொடுத்துச் சிறிது பயன் கண்டார். ஆனால், பிற நாடுகளில் இதனைச் சோதித்தோரின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. சிறிய அளவிற் கொடுத்தபோது பயனில்லை. பெரிய அளவிற் கொடுத்தபோது நோயாளர் வாந்தியெடுத்தனர். குகன்ஹைமுக்கு நேர்ந்ததே மீண்டும் நேர்ந்தது. 1960களின் நடுப்பகுதியில் லெவோடோபாவிற் பலரும் நம்பிக்கையிழந்திருந்தனர்.

இத்தடையை நீக்கியவர் கிரீற் தீவிற் பிறந்து, ஜேர்மனிய ஆக்கிரமிப்பின்போது கிரேக்கத்தை விட்டு அமெரிக்கா சென்ற ஜோர்ஜ் கொட்சியாஸ் ஆவார். அவருடைய கருதுகோள் தவறானது. மூளையின் கருநிறப்பொருளை மீண்டும் உண்டாக்கலாம் என எண்ணியே அவர் டோபாவைக் கொடுத்தார். ஆனால் முறை சரியானது. நியூ யோர்க் மாநிலத்தின் புறூக்ஹேவன் ஆய்வுகூட வைத்தியசாலையில் நோயாளர் பல மாதங்கள் தங்கியிருக்க வசதி இருந்தது. மிகச் சிறிய அளவிலே தொடங்கி, நாளுக்குப் பல தடவைகள், உணவோடு, உடல் பொறுக்கும் வேகத்திற்கேற்ப வாரக்கணக்கில் அளவைக் கூட்டிச்சென்றார். வாந்தி வந்தால் நிறுத்திக் காத்திருந்தார். சிலர் நாளொன்றுக்குப் பதினாறு கிராம்வரை எட்டினர். 1967 பெப்ரவரியில் வெளியான அறிக்கையிலே பதினாறு நோயாளருள் எண்மர் பெரிதும் தேறியிருந்தனர். லெவோடோபாவை மட்டும் தனியாகக் கொடுத்துப் பெற்ற இன்னுஞ் சிறந்த முடிவுகள் 1969 இல் வெளிவந்தன. 1970 இல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. வியன்னாவில் இருந்த பொருளுக்கும் புறூக்ஹேவனில் இருந்த பொருளுக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. அளவை மெல்லக் கூட்டுதல், காத்திருத்தல், நாள்தோறும் நோயாளரை நோக்கி அதற்கேற்ப மாற்றுதல் ஆகிய பராமரிப்பொழுங்கே புதிது. மருத்துவ வரலாற்று நூல்கள் கொட்சியாசைக் கண்டுபிடிப்பாளர் வரிசையில் வைக்கின்றன. அவர் உண்மையிற் கண்டுபிடித்தது பொறுமைக்குரிய ஒரு கணக்கையேயாகும்.

அதே 1967 இல் மார்கரெட் ஹோன், மெல்வின் யாஹ்ர் ஆகியோர் நியூ யோர்க்கிற் பல்லாண்டுகளாகச் சிகிச்சை பெற்ற 802 நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து, நோயின் முதிர்ச்சியை ஐந்து படிகளாக வகுத்தனர். லெவோடோபாவுக்கு முந்திய காலத்தில் இந்நோயாளரின் இறப்பு வீதம் ஒத்த வயதினரைவிட ஏறத்தாழ மும்மடங்காயிருந்தது என்பதும் அவ்வாய்விலே வெளிப்பட்டது. அவ்வைம்படி அளவை இன்றும் வழக்கிலுள்ளது.

நியூ யோர்க்கின் பெத் ஏபிரகாம் வைத்தியசாலையில், 1920களின் மூளையழற்சிக்குத் தப்பி அசைவற்றுக் கிடந்தோருக்கு ஒலிவர் சாக்ஸ் 1969 இல் லெவோடோபா கொடுத்தமையும், அவர்கள் விழித்தெழுந்தமையும் அவருடைய 1973 ஆம் ஆண்டு நூலாற் பலரும் அறிந்தவை. அவ்விழிப்பு நெடிது நீடிக்கவில்லை. கட்டுக்கடங்கா அசைவுகளும் மனக்கிளர்ச்சியும் பலரைச் சூழ்ந்தன. இந்நிகழ்ச்சியைப் பேசுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்நோயாளர் நாற்பதாண்டுகளுக்கு மேலாக உயிரோடிருந்தமைக்கு எந்த மருந்தும் காரணமன்று. உணவூட்டி, உடலைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்துவந்த தாதியரின் கைகளே அவர்களை 1969 வரை கொண்டுவந்து சேர்த்தன.

லெவோடோபாவின் பெரும்பகுதி மூளையைச் சேருமுன் உடலின் பிற பகுதிகளிலே டோபமினாக மாறி வாந்திக்குக் காரணமாகின்றது. அதனைத் தடுக்கும் காபிடோபா அல்லது பென்செரசைட் சேர்ந்த குளிசைகள் 1970களில் வந்தபின், தேவைப்படும் அளவு ஏறத்தாழ நான்கிலொன்றாகக் குறைந்தது. இடையிலே புகழ்பெற்றிருந்த மூளை அறுவைச் சிகிச்சைகள் பின்தள்ளப்பட்டன. 1987 இல் கிரனோபிளில் அலிம் லூயி பெனபிட் மின்முனை பதிக்கும் முறையைத் தொடங்கியபின் தகுதியுடைய சிலருக்கு அவை மீண்டும் வழிகாட்டின.

ஆயினும், ஐந்தாறு ஆண்டுகள் மருந்துண்டோரிடம் புதிய சிக்கலொன்று தோன்றியது. மருந்து வேலைசெய்யும் நேரம் சுருங்கி, ஒரே நாளிற் பலமுறை நோயாளர் இயங்குவதும் உறைவதுமாயினர். லெவோடோபா குருதியில் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்திற் பாதியாகிவிடுவது. மூளையில் எஞ்சிய கலங்கள் அதனைச் சேமித்து வழங்கும் ஆற்றலை இழந்தபின் கடிகாரமே சிகிச்சையின் நடுநாயகமாயிற்று. இங்கேதான் வைத்தியசாலை ஒழுங்கும் நோயின் ஒழுங்கும் மோதிக்கொண்டன. காலை எட்டு மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் மருந்து வண்டி வரும் விடுதியில், ஆறரைக்கும் ஒன்பதுக்கும் குளிசை வேண்டியவர் என்ன செய்வார்? கால்முறிவுக்கென அனுமதிக்கப்பட்டவர், மருந்து பிந்தியதால் விழுங்கவும் பேசவும் இயலாதவராகி, அதுவே முதுமையின் தளர்ச்சியெனப் பிழையாகக் கொள்ளப்படுதல் உண்டு. மருந்து திடீரென நிறுத்தப்படின் கடுங்காய்ச்சலும் தசையிறுக்கமும் தோன்றி உயிராபத்து நேரலாம். வாந்திக்கு வழமையாகக் கொடுக்கும் மெட்டோகுளோப்பிரமைட்டும், குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹலோபெரிடோலும் டோபமினைத் தடுப்பவையாதலின் இந்நோயாளருக்கு ஆகாதவை. இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர் விடுதியில் இல்லையெனின், நோய்க்கு அப்பாற்பட்ட துன்பத்தை வைத்தியசாலையே உண்டாக்கிவிடும்.

இவ்விடைவெளியை முதலில் உணர்ந்து குரலெழுப்பியோர் நோயாளரும் உறவினருமாவர். தம் சகோதரியின் நோயால் தூண்டப்பட்ட மாலி ஜென்கின்ஸ் 1969 இல் இங்கிலாந்திலே பார்க்கின்சன் நோய்ச் சங்கத்தைத் தொடங்கினார். 1989 இல் கோர்ன்வோலில் இந்நோய்க்கெனத் தனித்தேர்ச்சி பெற்ற முதலாவது தாதி நியமிக்கப்பட்டார். பார்க்கின்சனின் பிறந்தநாளாகிய ஏப்ரல் 11 ஆம் திகதி, 1997 இல், ஐரோப்பிய நோயாளர் சங்கங்களின் ஒன்றியம் ஒரு பட்டயத்தை வெளியிட்டது. இந்நோயிற் சிறப்பு ஈடுபாடுடைய வைத்தியரிடம் அனுப்பப்படுதல், பிழையற்ற நோய் நிர்ணயம், ஆதரவுச் சேவைகள், இடையறாத பராமரிப்பு, தம் சிகிச்சையைத் தீர்மானிப்பதிற் பங்குபெறுதல் என்பன நோயாளரின் உரிமைகளாக அதிற் கூறப்பட்டன. அதுவரை நல்ல வைத்தியரின் கருணையாயிருந்தது இப்பொழுது உரிமை என்ற சொல்லைப் பெற்றது. நெதர்லாந்தில் 2004 இல் நைமேகன் நகரிலே தொடங்கிய வலையமைப்பு, இயன்மருத்துவர் முதலானோருக்கு இந்நோயிலே தனிப்பயிற்சி அளித்து நோயாளரை அவர்களிடம் குவியச் செய்தது. அத்தகையோரிடம் சென்ற நோயாளருக்குச் சிக்கல்களும் செலவும் குறைந்தமை பின்னர் ஆய்வால் அறியப்பட்டது. இங்கிலாந்திலே தேசிய மருத்துவ நியம நிறுவகம் 2006 இல் முதல் வழிகாட்டியையும் 2017 இல் அதன் திருத்திய வடிவையும் வெளியிட்டது. 2018 இல் அது வகுத்த தர நியமங்களுள் ஒன்று, வைத்தியசாலையிலோ பராமரிப்பில்லத்திலோ உள்ள நோயாளர் லெவோடோபாவைத் தமக்குக் குறித்த வேளையிலிருந்து முப்பது நிமிடத்துக்குள் பெறவேண்டும் என்பதாகும். மருந்தின் பெயரோடு மணிக்கூட்டையும் நியமத்தினுள் கொண்டுவந்தமை இவ்வரலாற்றிலே ஒரு திருப்பம்.

ஆனால், குறித்த வேளையிற் கொடுப்பதற்கு முதலில் மருந்து இருத்தல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1977 இல் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே லெவோடோபா இடம்பெற்றது. அதே ஆண்டில் கயானாவிலே காலமான பேராசிரியர் சேனக பிபிலே, பேராதனை மருத்துவபீடத்தின் முதற் பீடாதிபதி. தேவையான மருந்துகளை மட்டும் தெரிந்து, இரசாயனப் பெயராற் குறித்து, அரசே மொத்தமாகக் கொள்வனவு செய்யும் முறையை 1970களின் தொடக்கத்தில் இலங்கையிலே அமைக்க முன்னின்றவர். பட்டியலின் பின்னாலுள்ள சிந்தனைக்கு இலங்கையின் பங்கு சிறிதன்று. எனினும், பட்டியலிற் பெயர் இருப்பதும் கிராமத்து மருந்தகத்தில் குளிசை இருப்பதும் ஒன்றல்ல. 2019 இல் உலகில் 85 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என மதிப்பிட்ட உலக சுகாதார நிறுவனம், வருமானங் குறைந்த நாடுகள் பலவற்றில் லெவோடோபா எளிதிற் கிடைப்பதில்லை என்பதை 2022 ஆம் ஆண்டு அறிக்கையிற் சுட்டிக்காட்டியது.

இப்பற்றாக்குறையே பூனைக்காலியை மீண்டும் ஆய்வுக்குக் கொண்டுவந்தது. 2017 இல் வெளியான ஆய்வொன்றில், பொலிவியாவில் பதினெட்டு நோயாளருக்கு வறுத்துப் பொடித்த விதை ஒரு வேளை மருந்தாகக் கொடுக்கப்பட்டது. அது குளிசைக்கு நிகரான பயன் தந்தது. நாள்தோறும் உட்கொள்ளச் செய்து பதினாறு வாரங்கள் நோக்கிய அடுத்த ஆய்விலோ, பங்குகொண்ட பதினால்வருள் எழுவர் இடையிலே விலகினர். சிலர் வயிற்றுக் கோளாறுகளாலும், ஏனையோர் அசைவு மோசமடைந்தமையாலும் விலகவேண்டியதாயிற்று. விதைப்பொடியிற் காபிடோபா இல்லை. அதனைத் தாங்கும் அளவை ஒவ்வொருவருக்கும் சிறிது சிறிதாகக் கூட்டிக் கண்டறிவதற்குப் புறூக்ஹேவனில் இருந்தது போன்ற காலமும் கவனிப்பும் வேண்டும். விதையைத் தோட்டத்திற் பயிரிட்டுக்கொள்ளக்கூடிய ஊர்களில் அக்கவனிப்பை வழங்குவோர் யார் என்ற வினாவே இப்பொழுது ஆய்வாளர் முன்னுள்ளது.